வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைக்கருவில் என்ன சர்க்கரை?

கேள்வி: உயிர்வேதியியல் படிக்கும் என் மகள், முட்டை வெள்ளைக்கருவின் புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் இருப்பதாகவும், கோழிக்கும் புறாவுக்கும் அவை வேறுபடுவதாகவும் சொல்கிறாள். நீரிழிவு உள்ள என் தாயார் தினமும் ஒரு வெள்ளைக்கரு சாப்பிடுகிறார், நிறுத்திவிட வேண்டுமா? மாடியில் புறா வளர்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: தாயாரைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். இந்தச் சங்கிலிகள் புரதத்தோடு பிணைந்தவை. நம் செரிமான நொதிகள் இவற்றைச் சோற்று மாவைப் போல உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குவதில்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் இவற்றின் அளவும் கால் கிராமுக்குக் குறைவுதான். எனவே இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது ஓவல்புமின். அதனுடன் ஒட்டியிருக்கும் சர்க்கரை வெறும் அழுக்கு என்று ஒரு காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். படிகமாக்கித் தூய்மைப்படுத்திய பின்னும் அது விலகுவதில்லை என்றும், அது புரதத்தின் உறுப்பே என்றும் ஆல்பர்ட் நியூபெர்கர் 1938ஆம் ஆண்டு காட்டினார். அந்தச் சங்கிலி அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தில் தொங்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இனி ஆய்வு முறை. பிஎன்ஜிஏஸ் எஃப் என்ற நொதி, சங்கிலியை அஸ்பராஜினிலிருந்து அறுத்தெடுக்கிறது. அறுபட்டவற்றின் நுனியில் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, திரவ நிறப்பிரிகைக் குழாய் வழியே செலுத்தினால், வடிவத்திற்கேற்ப ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகிறது. அதன்பின் எடை பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சங்கிலியில் மேனோஸ், காலக்டோஸ் போன்ற சர்க்கரை ஒவ்வொன்றுக்கும் 162 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற மற்றொரு வகைச் சர்க்கரைக்கு 203. முழுச் சங்கிலிக்கும் ஒரு நீர் மூலக்கூறின் 18 சேரும். மூன்று மேனோஸும் இரண்டு அசிட்டைல் குளுக்கோசமைனும் கொண்ட அடித்தண்டு 910 வரும். அதில் இரண்டு கிளைகள் விட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அசிட்டைல் குளுக்கோசமைனும் ஒரு காலக்டோஸும் வைத்தால் 1640. கிளைக்கு இன்னொரு காலக்டோஸ் கூடினால் 1964.

ஆனால் மேனோஸுக்கும் காலக்டோஸுக்கும் எடை ஒன்றே. தராசு மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். அதனால்தான், ஒரு குறிப்பிட்ட சர்க்கரையை, அதுவும் குறிப்பிட்ட பிணைப்பில் இருந்தால் மட்டுமே வெட்டும் நொதிகளைத் துணைக்கு அழைக்கிறார்கள். வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஆல்பா காலக்டோசிடேஸ் அவற்றில் ஒன்று. சர்க்கரைகள் ஆல்பா, பீட்டா என்ற இரு திசைகளில் பிணையலாம்; இது ஆல்பா திசையில் பிணைந்த முனைக் காலக்டோஸை மட்டும் வெட்டும். (நம் வீட்டுக் காப்பித்தூளில் இதைத் தேட வேண்டாம், வறுபடும்போதே நொதி செயலிழந்துவிடும்.) 1964 எடையுள்ள சங்கிலியில் இதைச் சேர்த்த பின் எடை 1640க்கு இறங்கினால், கிளை முனைகளில் இருந்தவை ஆல்பா பிணைப்புக் காலக்டோஸ்கள் என்று உறுதியாகிறது. சர்க்கரையின் எந்தக் கார்பனோடு பிணைப்பு என்பதை, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைப் படிக்கும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை சொல்லும்.

உங்கள் மகள் சொன்ன வேறுபாடு இந்த முனையில்தான் இருக்கிறது. புறாவின் வெள்ளைக்கருப் புரதங்களில், காலக்டோஸின் நான்காம் கார்பனில் மற்றொரு காலக்டோஸ் ஆல்பா பிணைப்பில் அமர்ந்த முனை ஏராளமாக உண்டு. கோழியில் அது இல்லை. மனித இரத்தத்தின் பி1 வகைக்கு அடையாளமாக இருப்பதும் இதே முனை என்பதும், சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் சில எசரிக்கியா கோலை பாக்டீரியாக்கள் பற்றிக்கொள்வது இதையே என்பதும் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பைத் தருகின்றன. மாடியில் அடைகாக்காமல் விட்ட புறா முட்டை கிடைத்தால் ஒரு முறை வேகவைத்துப் பாருங்கள்: கோழி முட்டை போல வெளுக்காமல், நுங்குச் சுளை போல ஒளி ஊடுருவ நிற்கும். புரதங்களே பறவைக்குப் பறவை மாறுவதை அங்கே சங்கிலியைப் பிரிக்காமலே காணலாம்.

கேள்வி: வெள்ளைக்கருவின் எல்லாப் புரதங்களிலும் சர்க்கரை உண்டா?
– வாசகி ஒருவர், காட்பாடி

பதில்: இல்லை. ஓவோமியூகாய்டு என்ற வெள்ளைக்கருப் புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். 129 அமினோ அமிலங்கள் கொண்ட லைசோசைம் என்ற கோழி வெள்ளைக்கருப் புரதத்திலோ ஒரு சர்க்கரைக் கண்ணிகூட இல்லை. பாக்டீரியாக்களின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை அறுப்பதுதான் அந்த லைசோசைமின் வேலை.