தாராசுரம் படிக்கட்டும் ஒரு கோடு போடாத நோட்டும்

போன சனிக்கிழமை கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தது. அப்பாவுக்குப் பாத்திரக்கடை. மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். "எந்நேரமும் கேம்தான் சார். இல்லேன்னா படம் வரையறா. அவ மாமா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட்டு பேசி வச்சிருக்காரு" என்றார். கடையை அடமானம் வைத்தால்தான் அந்த சீட்டு என்பதை அம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

பதறாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று ஆரம்பித்த நான், பெண்ணின் நோட்டைப் புரட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அவளுக்குப் பிடித்தது 'மான்யுமென்ட் வேலி'. லண்டன்காரர்கள் 2014இல் வெளியிட்ட கேம். கட்டடத்தைத் திருப்பினால், தனித்தனியாக நிற்கும் படிகள் கண்ணுக்கு ஒன்றாகி வழிவிடும். எஷர் என்ற டச்சு ஓவியரின் நடக்க முடியாத படிக்கட்டுகளிலிருந்து பிறந்த யோசனை அது. இவள் தன் நோட்டில் அதைத் தாராசுரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஐராவதேசுவரர் கோயில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் எழும் என்பார்களே, அந்தப் படிகளில் ஒரு சிறுமி சரியான வரிசையில் ஏறினால் மண்டபத்தின் கல் தேர்ச்சக்கரம் சுழல்கிறது. ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி: "இங்கே வெயில் எந்தப் பக்கம்?"

அப்பாவிடம் நேராகவே சொன்னேன். கேம் என்றால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் சி.எஸ்.இ. என்று மைத்துனர் போட்ட கணக்கு தப்பு. கோட் எழுதுபவர் வேறு, அந்த உலகத்தை வரைபவர் வேறு. 'மரியோ' கேமை உருவாக்கிய மியாமோட்டோ ஜப்பானில் ஒரு கலைக் கல்லூரியில் படித்தவர். உங்கள் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு என்றாலே கொட்டாவி வருகிறதாம். நாலு வருடம் கொட்டாவி விடுவதற்குக் கடையையா அடகு வைப்பீர்கள்? லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'கேம் டிசைன் டிப்ளமோ' தரும் தனியார் பயிற்சி மையமும் வேண்டாம்.

யாரும் வாயே திறக்காத ஒரு வழி இருக்கிறது: அரசு கவின்கலைக் கல்லூரி. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். உங்கள் ஊரிலேயே இன்னொன்று இருக்கிறது; பாத்திரக்கடைக்காரருக்கு அது தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பி.எஃப்.ஏ. என்பது கவின்கலையில் நாலு வருட இளநிலைப் பட்டம். ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று பிரிவுகள். சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டும். கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணம்; மாமா பேசியதோடு ஒப்பிடவே முடியாது. மனித உடல், ஒளி, நிழல், களிமண் எல்லாம் கைக்குப் பழகும். முப்பரிமாணம் செய்ய பிளெண்டர், கேமாகக் கோக்க கோடோ (Godot). இரண்டும் இலவச மென்பொருள்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். பட்டம் முடித்தபின் ஆசை குறையவில்லை என்றால், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

முதல் வேலையே கேம் கம்பெனியில் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விளம்பரம், அனிமேஷன், புத்தகப் படம் என்று சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். ஆனால் கடன் இல்லாமல் சுற்றலாம்.

அப்பா சமாதானம் ஆகவில்லை. "சொந்தக்காரங்க கேட்டா கேம் விளையாடப் படிக்கிறான்னா சொல்றது?" என்றார். 2023இல் வந்த 'வெண்பா' கேமைக் காட்டினேன். கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, கறை படிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள். பெண்ணின் அம்மா செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இட்லித் தட்டை அடுக்கத் தெரியுதே இவங்களுக்கு" என்றார்.

பெண்ணுக்கு ஒரே வேலைதான் கொடுத்தேன். தாராசுரம் போய் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அந்தச் சக்கரத்தின் நிழலை வரைந்து எடுத்து வரவேண்டும். மாமாவையும் அடுத்த முறை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.