மச்சான் அனுப்பிய அளவு

கேள்வி: வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் .22 ரைஃபிளுக்கு வரும் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே ஒரு கைத்துப்பாக்கி சேர்த்துவிட்டான். "அளவு அனுப்பியிருக்கேன், நீங்களும் கடைஞ்சு பாருங்க மாமா" என்கிறான். ஆசைக்கு ஒன்று செய்தால் தப்பா?

பதில்: வேண்டாம் தம்பி.

அங்கேயே அது கயிற்றின் மேல் நடப்பதுதான். .22 என்பது தோட்டாவின் அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கும் ரிம்ஃபயர் வகை. தோட்டா சின்னதுதான், ஆனாலும் சலுகை கிடையாது. ரைஃபிளாக விற்ற ஒன்றின் குழல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால், அமெரிக்காவின் 1934ஆம் வருடச் சட்டப்படி வெட்டும் முன்பே அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். ரிசீவர் என்கிற நடுப்பாகத்தில் முதலில் கைத்துப்பாக்கியே சேர்த்திருந்தால், குட்டைக் குழல் குற்றமில்லை. அதிலேயே தோள்கட்டையை மாட்டினால் அது குட்டை ரைஃபிள் ஆகிவிடும். பாகங்கள் அதேதான், எது முதலில் என்பதில்தான் வழக்கே. மச்சானிடம் அதைக் கேளுங்கள்.

நமக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகமும், அதைச் செய்யும் இயந்திரமும் அடக்கம். உரிமமில்லாமல் செய்யக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. குழலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது 6ஆம் பிரிவு. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019இல் அதில் சேர்த்தார்கள். தண்டனை குறைந்தது 7 வருடம், போனால் ஆயுள்.

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நான் ஜூனியராக இருந்தபோது ஒரு கடைசல்காரர் கூண்டில் நின்று, "பம்புக்குப் பைப்புனு சொன்னாங்க சார்" என்று அழுதார். பாவம், நிஜமாகவே அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர் வெளியே வருவதற்குள் பட்டறை வாடகை ஏறி, லேத் கைமாறிவிட்டது. உங்களுக்கு அந்தப் பேச்சும் எடுபடாது. வாட்ஸ்அப்பில் மச்சான் பெயரும் அளவும் போட்டு அனுப்பியிருக்கிறாரே!

குறி பார்த்துச் சுடும் ஆசைதான் என்றால், குழல் துளை 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, குண்டு வெளிவரும் சக்தி 20 ஜூலுக்குக் குறைந்த ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். கடையில் வாங்குங்கள், கடையாதீர்கள். அப்புறம், பார்சலில் குழல் போட்டு அனுப்புகிறேன் என்று மச்சான் சொன்னால் உடனே தடுங்கள். இறக்குமதிக்கும் தனியாக உரிமம் வேண்டும். பார்சலில் உங்கள் முகவரிதான் இருக்கும்.