மனநல கவுன்சிலரிடம் மனம் திறக்க முடியவில்லை, என்ன செய்வது?

கேள்வி: அம்மா இறந்த பிறகு தூக்கமே இல்லாமல் போய், இரண்டு மாதமாக ஒரு கவுன்சிலரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். நன்றாகப் படித்தவர், அனுபவமும் உண்டு. ஆனால் போன முறை நான் அழுதுகொண்டிருந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் எதையும் சொல்லத் தோன்றவில்லை. "இப்போது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். சிகிச்சை முறை சரியாக இருந்தால் போதாதா, ஆளைப் பிடிப்பதும் பிடிக்காததும் ஒரு விஷயமா? வேறு ஒருவரிடம் மாறிவிடட்டுமா?

பதில்: கட்டாயம் அது ஒரு விஷயம்தான். நீங்கள் அற்பமான காரணத்துக்காகக் குழம்பவில்லை.

கவுன்சலிங்கில் மருந்தும் கருவியும் கிடையாது. ஒருவர் பேச இன்னொருவர் கேட்பதில்தான் எல்லாம் நடக்கிறது. அதனால் அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் உறவு சிகிச்சைக்கு வெளியே நிற்கிற ஒன்று இல்லை, அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. 1957-லேயே கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அழுத்தமாக எழுதினார்: ஆலோசகர் வேஷம் போடாமல் உண்மையாக இருக்க வேண்டும், வந்தவரை நிபந்தனை போடாமல் ஏற்க வேண்டும், அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்ள வேண்டும், இதெல்லாம் எதிரில் இருப்பவருக்கு உறைக்கவும் வேண்டும். ஆலோசகர் மனதில் அக்கறை இருந்து, அது உங்களை வந்து சேரவில்லை என்றால் பயன் குறைவுதான். உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகவே இருக்கலாம்.

வெறும் கருத்தாக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும், உறவு பலமாக இருந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. இதற்காக முறையும் பயிற்சியும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடுமையான அச்சக் கோளாறு போன்றவற்றுக்கு அதற்கென்று தேர்ந்த முறைகள் இருக்கின்றன, அன்பாகப் பேசுவது மட்டும் அங்கே போதாது.

ஆனால் 'உறவு' என்றதும் பலரும் இதமான பேச்சையும் சிரித்த முகத்தையும்தான் நினைக்கிறார்கள். எட்வர்ட் போர்டின் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் 1979-ல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அப்புறம்தான் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் பிடிப்பும். உங்களையே கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது தூக்கமா, அம்மாவைப் பற்றிப் பேச ஓர் இடமா? அவர் தூக்கத்துக்கான பயிற்சிகளைச் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் அம்மாவைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தால், கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தாலும் விரிசல் வந்திருக்கும்.

இந்த விரிசல்கள் மிகச் சாதாரணமாக வருபவை. சிலர் கோபப்பட்டு நேரடியாகக் கேட்டுவிடுவார்கள். பலர் உங்களைப் போல ஒதுங்கிக்கொள்வார்கள், "பரவாயில்லை" என்பது அந்த ஒதுங்கல்தான். இரண்டாவது வகையில் ஆபத்து அதிகம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஆலோசகருக்கு எதுவும் தெரியாமலே போய்விடும், நீங்கள் தேறி வருகிறீர்கள் என்றே அவர் குறித்துக்கொள்வார்.

அதனால் மாறுவதற்கு முன் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பெரிய பேச்சு வேண்டாம். "போன முறை நான் அழும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், அது எனக்கு வலித்தது, அதிலிருந்து பேச முடியவில்லை" என்றால் போதும். வாயில் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல ஆலோசகர் தன் பக்க நியாயத்தை அடுக்க மாட்டார், உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்பார், தன் பங்கை ஒப்புக்கொள்வார். இப்படிச் சரிசெய்யப்பட்ட விரிசலுக்குப் பிறகு சிகிச்சை நன்றாகப் போவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. வலித்ததைச் சொல்லியும் ஓர் உறவு உடையாமல் இருப்பதைச் சிலர் முதல்முறையாக அந்த அறையில்தான் பார்க்கிறார்கள்.

"நீங்கள் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று உங்கள் மேலேயே திருப்பினால், தயங்காமல் மாறிவிடுங்கள். நன்றிக்கடன் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், அவமதிப்பு, ரகசியத்தை வெளியே சொல்வது, பாலியல் ரீதியான பேச்சு அல்லது தொடுதல் என்று ஏதாவது நடந்தால் இந்தப் 'பேசிப் பார்ப்போம்' எல்லாம் வேண்டவே வேண்டாம். உடனே வெளியேறுங்கள், புகாரும் கொடுங்கள்.

கேள்வி: என் கவுன்சிலர் என்னை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள். ஆனால் என் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் வர மறுத்துவிட்டார். அந்த அக்கறையெல்லாம் பொய்யா?

பதில்: இல்லை. அவர் நண்பராகிவிட்டால், அவர் என்ன நினைப்பாரோ என்று நீங்கள் யோசித்துப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், அவராலும் சில உண்மைகளை உங்களிடம் சொல்ல முடியாமல் போகும். அந்த எல்லை உங்களைக் காப்பதற்காகத்தான் இருக்கிறது. பெற்றோர் மேலும் நெருங்கியவர்கள் மேலும் உள்ள பழைய ஏக்கங்கள் மருத்துவர் மேல் வந்து படிவதை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே கவனித்து எழுதியிருக்கிறார், அதனால் இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவர் மறுத்தபோது எவ்வளவு வலித்தது என்பதை அடுத்த முறை அவரிடமே சொல்லுங்கள், அது அங்கே பேச வேண்டிய விஷயம்தான்.

கேள்வி: வீடியோவில் பேசினால் இந்த நெருக்கம் வருமா?

பதில்: வரும். திரை வழியாகவும் நேரில் போலவே நல்ல பிணைப்பு உருவாவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாரும் ஒட்டுக்கேட்காத அறையும் விட்டு விட்டுப் போகாத இணைப்பும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.