மேடையில் பாடுபவரின் குரலுக்கு மிக்சர் வழியாக ரிவெர்ப் சேர்ப்பது எப்படி?

அம்மாபேட்டையில் ஒரு பக்திப் பாடல் குழுவுக்கு ஒலி அமைப்பதாகவும், 12 சேனல் மிக்சரில் எஃபெக்ட்ஸ் (ரிவெர்ப், எக்கோ சேர்க்கும் பகுதி) இருந்தும் அதைத் திறந்தால் பாடல் வரிகள் புரியாமல் போவதாகவும், சற்றுக் கூட்டினாலே ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பி எழும் கூவல்) வருவதாகவும் சொல்லி, தனியாக ஒரு எஃபெக்ட்ஸ் கருவி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்து மண்டபங்களிலும் கோயில் மேடைகளிலும், எப்போதாவது ஏற்காட்டிலும் மிக்சர் முன் உட்காருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ரிவெர்ப் என்பது ஒலி நின்ற பிறகும் அரங்கில் தங்கி மெல்லத் தணியும் எதிரொலி வால். அது எவ்வளவு வேண்டும் என்பதைப் பாடும் இடமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. இடம் தராமல் விட்ட பாக்கியை மட்டுமே மிக்சரில் நாம் சேர்க்க வேண்டும்.

முதலில் இணைப்பு. குரல் சேனலில் உள்ள எஃபெக்ட்ஸ் சென்ட் குமிழ், அந்தக் குரலின் ஒரு பிரதியைக் கருவிக்கு அனுப்புகிறது. கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலி, எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தி) வழியாக, அரங்கின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் மெயினில் கலக்கிறது. இந்த சென்ட் போஸ்ட் ஃபேடராக, அதாவது சேனலின் ஃபேடரைக் கடந்த பிறகு ஒலியை எடுப்பதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாடகரின் ஃபேடரை இறக்கும்போது அவருடைய ரிவெர்ப்பும் கூடவே இறங்கும்; ப்ரீ ஃபேடரில் வைத்தால் குரல் போன பிறகும் அதன் எதிரொலி மட்டும் அரங்கில் உலவிக்கொண்டிருக்கும். வெளிக் கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் மிக்ஸ் அளவை முழுவதும் ‘வெட்’ (அசல் குரல் இல்லாமல் ரிவெர்ப் மட்டும்) பக்கம் வைத்துவிடுங்கள். அசல் குரல் ஏற்கெனவே சேனல் வழியாக மெயினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டிஜிட்டல் கருவியும் அதே குரலைச் சில மில்லி விநாடி தாமதத்துடன் திருப்பித் தந்தால், இரண்டும் ஒன்றையொன்று அரித்துக் குரலை மெலியச் செய்துவிடும்.

ஃபீட்பேக் பற்றிக் கேட்டீர்கள். ரிட்டர்னை ஒரு சாதாரணச் சேனலில் கொண்டுவந்திருந்தால், அந்தச் சேனலின் எஃபெக்ட்ஸ் சென்ட் குமிழ் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரிவெர்ப் தன்னையே திரும்பத் தின்று சுற்றிச் சுற்றிப் பெருகும். அது சரியாக இருந்தும் கூவல் வந்தால், பெரும்பாலும் மேடை மானிட்டர், அதாவது பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்தான் காரணம். மானிட்டரில் ரிவெர்ப் போடச் சொல்லிப் பாடகர்கள் கேட்பார்கள். அது அவர்களுக்குத் தெம்பு தரும் என்பதும் உண்மைதான். ஆனால் மைக்குக்கு மிக அருகில் இருக்கும் ஸ்பீக்கர் அதுவே என்பதால், மிகச் சிறிதளவு கொடுங்கள், அல்லது கொடுக்கவே கொடுக்காதீர்கள். இன்னொன்று, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாடுபவரின் சேனலில் தபேலா, ஜால்ரா, பின்னால் இருக்கும் கீபோர்டு எல்லாமே நுழைந்துவிடும். குரலுக்கு என்று நீங்கள் சேர்த்த ரிவெர்ப் அத்தனைக்கும் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று விரல் இடைவெளியில் மைக் இருந்தால் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைக்கலாம், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி இடத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் கிரானைட் அல்லது டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1890களில் கண்டறிந்த சூத்திரப்படி, மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அங்குள்ள மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் அளவுக்குத் தணிய எத்தனை விநாடி ஆகும் என்பது கிடைக்கும். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள ஒரு மண்டபத்தின் பரப்புகள் சராசரியாக 6 சதவீத ஒலியை உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 5 விநாடி வருகிறது. அதே மண்டபத்தில் 400 பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் உறிஞ்சினால், அது 1.6 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே மாலை நான்கு மணிக்குக் காலி நாற்காலிகளுக்கு முன் சவுண்ட் செக் செய்து வைத்த ரிவெர்ப் அளவுக்கு, ஏழு மணிக் கூட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி வால் பிடித்துக்கொண்டு நீண்டால், அங்கே மிக்சரிலும் ஒரு ‘ஹால்’ (பெரிய அரங்கைப் போன்ற ரிவெர்ப்) திறப்பது வீண் வேலை.

வரிகள் புரியாமல் போவதற்குத் தமிழின் ஒலியமைப்பும் ஒரு காரணம். ‘பத்து’, ‘பக்கம்’ போன்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் ஒரு கணம் ஒலி முழுதாக நின்று, பிறகே வெடிக்கிறது. முந்தைய உயிரின் ரிவெர்ப் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் சொல்லின் எலும்பே உடைந்துவிடுகிறது. குறில் நெடிலுக்கும் இதே கதிதான். நீளும் வால், ‘கல்’ என்பதைக் ‘கால்’ பக்கம் தள்ளுகிறது. வேகமான கும்மிப் பாட்டுக்கும் காவடிச் சிந்துக்கும் 1.2 விநாடிக்கு மேல் நான் போவதில்லை. விருத்தத்துக்கு 2 விநாடி வரை தாராளமாக விடலாம், ஏனென்றால் அங்கே பாடகரே சொல்லுக்குச் சொல் மூச்சுவிட்டு நிற்கிறார். ப்ரீ டிலே வசதி இருந்தால் 30 மில்லி விநாடி அளவில் வையுங்கள். குரலின் மெய்யெழுத்து தெளிவாக வெளியே வந்த பிறகு ரிவெர்ப் தொடங்கும். ரிட்டர்னில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலேயும் குறைத்துவிட்டால், கீழ்ப்பகுதியின் குழப்பமும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் தெறிப்பதும் அடங்கும். எஃபெக்ட்ஸ் பட்டியலில் ‘பிளேட்’ என்று ஒன்று இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். 1957இல் இ.எம்.டி. என்ற ஜெர்மானிய நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்து உருவாக்கிய ரிவெர்ப்பின் போலிதான் அது. அசல் கருவி ஏறத்தாழ 270 கிலோ. நாம் அதை ஒரு பொத்தானில் எடுத்துச் செல்கிறோம்.

திறந்த வெளியில் கணக்கே தலைகீழ். ஏற்காட்டில் சுவரும் கூரையும் இல்லாத மேடையில் குரல் வறண்டு கேட்கும். அங்கே ரிவெர்ப் உண்மையிலேயே தேவை, 1.8 விநாடி பிளேட்டைத் தயங்காமல் போடலாம். ஆனால் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் தெருக்களில் போடும் மேடை திறந்த வெளி போலத் தோன்றினாலும் அப்படியல்ல. எதிரே 40 மீட்டரில் ஒரு மாடிக் கட்டடம் இருந்தால், அங்கே மோதித் திரும்பும் குரல் கால் விநாடிக்குச் சற்றுக் குறைவான தாமதத்தில் மேடைக்கு வந்து சேரும்; அதன் மேல் நீங்களும் ‘எக்கோ’ போட்டால் தாளமே தடுமாறும். தெருக்கோடி வரை கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களுக்கு ரிவெர்ப் கலக்காத குரலை மட்டும் தனி ஆக்ஸ் (மெயினிலிருந்து பிரிந்த துணை வெளியீடு) வழியாக அனுப்புங்கள். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் இருப்பதால், கேட்பவருக்கு வேண்டிய அளவு எதிரொலி தானாகவே கிடைத்துவிடும்.

அளவை வைக்கும் முறை எளிது. ரிட்டர்னை ரிவெர்ப் தனியாகத் தெரியும் வரை ஏற்றி, பிறகு தெரியாமல் போகும் அளவுக்கு இறக்குங்கள். ம்யூட் செய்தால் குரல் மொட்டையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் ரிட்டர்னை ம்யூட் செய்ய மறக்காதீர்கள். அன்னதான அறிவிப்பும் விழாக் குழுத் தலைவரின் நன்றியுரையும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்கு வேறு காரணமே கிடையாது. பல மிக்சர்களில் இதற்கென்றே கால் சுவிட்ச் செருகும் துளை இருக்கும். ஒரு சுவிட்ச் வாங்கிக் காலடியில் போட்டுக்கொண்டால் கை ஃபேடரிலேயே இருக்கலாம்.

தனிக் கருவி இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உள்ளே இருக்கும் எஃபெக்ட்ஸில் வால் நீளத்தை மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்தால் உங்கள் குழுவுக்கு அதுவே போதும். ஒதுக்கிய பணத்தை முன்னணிப் பாடகருக்கு ஒரு நல்ல கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே முக்கியமாகப் பிடிக்கும்) மைக்குக்கும், மானிட்டருக்கு ஒரு கிராஃபிக் ஈக்வலைசருக்கும் (கூவும் அலைவரிசையை மட்டும் குறைக்க உதவும் கருவி) செலவிடுங்கள். நிரந்தர நீளத்தில் பூட்டிய ஒரே ‘ஹால்’ மட்டும்தான் உங்கள் மிக்சரில் இருக்கிறதென்றால், அதன் மாடலைக் கருத்தில் எழுதுங்கள். ஆக்ஸில் எதை எப்படிச் செருகுவது என்று சொல்கிறேன்.