ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரு வேறு சுபாவங்கள்

கேள்வி: என் மூத்த மகன் விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான், இளையவனோ தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறான். "நூலைப் போல சேலை" என்று மாமியார் என்னைக் காட்டுகிறார்; கணவர் என் வளர்ப்பைக் குறை சொல்கிறார். பரம்பரைக்கு எத்தனை சதவீதம், வளர்ப்புக்கு எத்தனை சதவீதம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இருவரும் எதிரெதிர்க் காரணம் சொன்னாலும் பழி உங்கள் மீதே வந்து விழுவது வேடிக்கைதான். ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில், உடன்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி மட்டுமே பொதுவாக இருக்கும். வீடு ஒன்றே என்றாலும் சூழலும் ஒன்றல்ல: மூத்தவன் பெரியவர்கள் மட்டுமே இருந்த வீட்டில் பிறந்தான், இளையவன் பிறக்கும்போதே அண்ணன் இருந்தான்.

ஆய்வாளர்கள் சொல்லும் சதவீதம், ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கைக் குறிப்பதே தவிர, ஒரு குழந்தையைக் கூறுபோட்டுக் காட்டுவதன்று. அந்த எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) வேறுபாட்டில் வசதியான குடும்பங்களில் பரம்பரையின் பங்கு மிகுதியாகவும், ஏழைக் குடும்பங்களில் மிகக் குறைவாகவும் இருந்தது.

உங்கள் மூத்த மகனுக்கு நெருக்கமானது ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் செய்த ஆய்வு. நான்கு மாதக் குழந்தைகளின் கண்முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டியும், பதிவு செய்த குரல்களைக் கேட்கவைத்தும், பழக்கமில்லாத வாசனையை மூக்கருகே காட்டியும் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், அவர்களில் பலர் புதியவர்களைக் கண்டு தயங்கும் சிறுவர்களானார்கள்; ஆனால் எல்லாரும் அப்படி ஆகவில்லை. சிணுங்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளாமல், அளவோடு கண்டிப்புக் காட்டி, சிறு சங்கடங்களைத் தாமே சமாளிக்கவிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் அச்சம் குறைந்திருந்தது. எனினும், பயந்த குழந்தை முழு அரட்டைக்காரனாக மாறியது அபூர்வம்.

ஆகவே அவனைத் தம்பியாக்க முயல வேண்டாம். விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று எல்லார் முன்னிலும் இழுத்து நிறுத்தாமல், தண்ணீர்ச் சொம்பை அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள். கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மரபணுவிலேயே உள்ள மூளைக் குறைபாட்டைச் சூழலால் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: சிலவற்றில் முடியும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயை 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்டறிந்தார். ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளிடமும் ஒருவித வாடை வீசுகிறது என்று சொன்னதே அதற்குத் தொடக்கம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தையால், புரதத்திலுள்ள ஃபீனைல்அலனைனைச் சரிவரச் சிதைக்க முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். ஆனால் பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளியிலேயே இதைக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைந்த உணவையும் இந்நோய்க்கென்றே தயாரிக்கும் பால்மாவையும் விடாமல் கொடுத்துவந்தால், குழந்தையின் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பழுதான மரபணு மட்டும் வாழ்நாள் முழுதும் அப்படியே இருக்கும்.