கடிதம் தொலைந்த திருப்பண்டம்

வணக்கம் ஐயா,

உங்கள் ஊர் அந்தோனியார் திருவிழா பற்றிய கட்டுரையைப் படித்தேன். கண்ணாடிக்குள் இருக்கும் எலும்புத் துகளை மக்கள் வரிசையில் நின்று முத்தமிட்டதை எழுதியிருந்தீர்கள். நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன்தான். இப்போது வேறு சபைக்குப் போகிறேன். அந்தத் துகள் 1231-இல் இறந்த ஒருவருடையது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சிலுவை மரத்துண்டுகள் என்று உலகமெங்கும் வைத்திருப்பவற்றைச் சேர்த்தால் ஒரு கப்பல் நிறையும் என்கிறார்கள். இது விக்கிரக வணக்கம் இல்லையா?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

விக்கிரக வணக்கம் என்கிறீர்கள். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. புனிதருக்குச் செய்வது வணக்கம். இது 787-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச் சங்கம் தெளிவாகச் சொன்னது. உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்திலேயே 2 இராஜாக்கள் 13:21-ஐப் பாருங்கள். எலிசாவின் எலும்புகளில் பட்ட பிரேதம் உயிர்த்தெழுந்தது. அப்போஸ்தலர் 19:12-இல் பவுலின் உடலில் பட்ட துணிகளை நோயாளிகள்மேல் போட்டார்கள். அந்த மக்களை வேதம் கண்டிக்கவில்லை.

கப்பல் கதை புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வின் 1543-இல் எழுதியதிலிருந்து வருகிறது. 1870-இல் ரோ த ஃப்ளூரி என்ற பிரெஞ்சுக்காரர், அன்று அறியப்பட்டிருந்த துண்டுகளைத் தேடி அளந்தார். மொத்தம் ஏறத்தாழ 4 லீற்றர். நம் கிணற்று வாளியில் பாதிகூட இல்லை. ஒரு சிலுவைக்கு 178 லீற்றர் மரம் வேண்டும் என்று அவர் கணித்தார். ஒவ்வொரு துண்டும் உண்மையானது என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் ஒரு கப்பல் நிறையும் அளவுக்கு மரம் இல்லை.

‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்விதான் முக்கியமானது. அதைக் கேட்டதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. புனிதர்களின் எலும்பு, உடை போன்றவற்றைத் திருப்பண்டம் என்கிறோம். இடைக்காலத்தில் போலித் திருப்பண்டங்களை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விற்பனையைத் தடுத்தது. புதிதாகக் கிடைப்பதைப் பாப்பரசரின் அனுமதியின்றி வணங்கக் கூடாது என்றது. 2017-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலும் திருச்சபை அதிகாரியின் சான்றுக் கடிதம் இல்லாத எதையும் பொது வணக்கத்துக்கு வைக்கக் கூடாது என்கிறது.

இந்த விதி எங்கள் ஊரை எப்படித் தொட்டது என்பதைச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் இருந்த பழைய அந்தோனியார் திருப்பண்டத்தை 2009 இறுதிப்போர் இடப்பெயர்வில் கோயில் மூப்பர் மாத்தளன் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். முள்வேலி முகாமிலும் அவரிடம் அது இருந்தது. ஆனால் இலத்தீனில் எழுதி அரக்கு முத்திரையிட்ட அதன் சான்றுக் கடிதம் வேறொரு பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டி எரிந்துபோயிற்று. ஊர் திரும்பியபின் பங்குத்தந்தை அந்தத் திருப்பண்டத்தைப் பீடத்தில் வைக்க மறுத்துவிட்டார். உயிரைப் பணயம் வைத்துக் காத்த மூப்பர் அழுதார். நானும் அன்று பங்குத்தந்தையோடு கோபித்துக்கொண்டேன். இன்று அவர் செய்தது சரி என்று நினைக்கிறேன். நீங்கள் கட்டுரையில் படித்தது பின்னர் கடிதத்தோடு வந்த வேறொரு திருப்பண்டம். பழையது இன்னும் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது.

தம்பி, 2009 மார்ச்சில் என் தாயைப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் புதைத்தோம். பிறகு போய்த் தேடியபோது இடத்தை அடையாளம் காண முடியவில்லை. யாராவது ஓர் எலும்பைக் கொண்டுவந்து ‘இது உன் அம்மாவுடையது’ என்று தந்தால், ஆதாரம் கேட்காமல் வாங்குவேனா? ஆசை மிகுதியால் வேறு எவருடையதையோ அம்மா என்று கொண்டாடுவேனா? நேசித்த உடல் என்பதால்தான் அது அவருடையதாகவே இருக்க வேண்டும். 155-ஆம் ஆண்டளவில் சிமிர்னாவில் ஆயர் போலிக்கார்ப்பின் உடலை எரித்தபோது, கிறிஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைப் பொன்னைவிட மேலாக எண்ணிப் பொறுக்கினார்கள். அந்த மனநிலை வன்னியில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போலி செய்யத் திருச்சபை விரும்பியிருந்தால் மிக எளிதான வாய்ப்பு நம் நாட்டிலேயே இருந்தது. ஒல்லாந்தருக்கு மறைந்து நம் முன்னோரிடம் வந்த யோசப் வாஸ் அடிகள் 1711-இல் கண்டியில் இறந்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் தெரியாமலே போயிற்று. 2015-இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அந்த உடல் கிடைத்திருக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் எலும்பை எடுத்து அவருடையது என்று யாரும் காட்டவில்லை.

வருகிற யூன் 13 திருவிழாவுக்கு வாருங்கள். முத்தமிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போதிருக்கும் திருப்பண்டத்தின் கடிதத்தை உங்களுக்குக் காட்டும்படி பங்குத்தந்தையிடம் சொல்லி வைக்கிறேன். மூப்பரும் இருப்பார், அவரோடும் பேசுங்கள்.