கொல்லரின் அடிமை என்றொரு கதை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் தொடக்ககால உருவப்பட ஓவியர் ஜோஷுவா ஜான்ஸ்டனைப் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். அவர் கறுப்பினத்தவர் என்ற செய்தி மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரத்துப் பழைய குடும்பங்களின் செவிவழிக் கதைகளிலிருந்து வந்தது என்றும், அவற்றைத் திரட்டிய ஜே. ஹால் பிளெசன்ட்ஸ் ஒரு மருத்துவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கதைகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிற்காலத்தில் பதிவேட்டில் ஆவணம் கிடைத்திராவிட்டால் இதை ஆய்வு என்று சொல்ல முடியுமா? குருட்டாம்போக்கில் எய்த அம்பு இலக்கில் பட்டது போலவே எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

தங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் பிளெசன்ட்ஸின் கையில் கதைகள் மட்டும் இருந்ததாக நீங்கள் எண்ணிக்கொண்டது என் குறிப்பின் குறை. நான் படங்களைப் பற்றிப் போதிய அளவு சொல்லவில்லை.

மருத்துவத்திலிருந்து வரலாற்றுப் பக்கம் வந்த பிளெசன்ட்ஸுக்கு மேரிலாந்துக் குடும்பங்களின் வம்சாவளியும், அவர்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கிய முன்னோர்களின் படங்களும் அத்துப்படி. அப்படங்களுள் ஒரு தொகுதி ஒரே கையால் வரையப்பட்டது என்பது கண்ணுக்கே தெரியும். இறுகிய உதடுகள், முக்கால்வாசி திரும்பிய உடல், மெல்லியதாகப் பூசிய வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலி, சோபா ஆகியவற்றின் விளிம்பில் முத்துக் கோத்தாற்போல வரிசையாக மின்னும் பித்தளை ஆணித் தலைகள். 'பித்தளை ஆணி ஓவியர்' என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. ஆணிகள் இல்லாத படங்களிலும் அந்தக் கை தெரியும். 1807ஆம் ஆண்டையொட்டி வரைந்த வெஸ்ட்வுட் குழந்தைகளின் படத்தில், குதிரைவண்டி செய்து விற்றவரின் மூன்று மகன்கள் ஒரே மாதிரி உடையில் விறைத்து நிற்க, அருகில் ஒரு நாய் பறவையொன்றை வாயில் கவ்வியபடி நிற்கிறது. பிள்ளைகளின் முகத்தில் இல்லாத பரபரப்பு முழுவதும் அந்த நாயிடம் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி, கதைகள். ஓவியர் அடிமை என்றது ஒன்று; கொல்லர் தொழில் பயின்ற அடிமை என்றது இன்னொன்று; காசநோய் கண்ட கறுப்பினப் பணியாள் என்றது வேறொன்று; மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர் என்றும் ஒரு பேச்சு இருந்தது. தொழில், நோய், பிறந்த ஊர் என எல்லாவற்றிலும் முரண்பட்ட இக்கதைகள், ஓவியரின் நிறம் என்ற ஒரே இடத்தில்தான் ஒன்றுகூடின. பெருமைக்காகக் கட்டிய கதைகளாக இருந்திருந்தால், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீலின் பெயரையோ, பால்டிமோரிலேயே வரைந்துவந்த அவருடைய சகோதரி மகன் சார்ல்ஸ் பீல் போல்க்கின் பெயரையோ அல்லவா சொல்லியிருப்பார்கள்? அடிமைகளை வைத்திருந்த நகரத்தின் வெள்ளையர் குடும்பங்கள் தங்கள் பாட்டியின் படத்தை ஓர் அடிமை வரைந்தார் என்று வலியச் சொல்லிக்கொள்ள எந்த ஆதாயமும் இல்லை. அந்த ஒற்றுமைதான் பிளெசன்ட்ஸ் பற்றிக்கொண்ட நூலிழை.

அதைப் பிடித்துக்கொண்டு அவர் நகரத்தின் முகவரிப் புத்தகங்களுக்குப் போனார். 1796 முதல் 1824 வரையிலான புத்தகங்களில் இந்த ஓவியரின் பெயர் வந்துபோகிறது. 1816–17ஆம் ஆண்டுப் புத்தகம் மட்டும் அவரைச் சுதந்திரமான கறுப்பினக் குடித்தனக்காரர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1939இலும் 1942இலும் பிளெசன்ட்ஸ் இம்முடிவுகளை வெளியிட்டபோது, கதை, படம், முகவரிப் புத்தகம் என்ற மூன்றையும் அருகருகே வைத்துத்தான் பேசினார். இதைக் குருட்டாம்போக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் குறிப்பிடும் ஆவணங்களை 1996இல் ஜெனிஃபர் பிரையன், ராபர்ட் டொர்ச்சியா ஆகிய இரு ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அவை பால்டிமோர் மாவட்டத்தின் அசையும் சொத்துப் பதிவேட்டில் இருந்தவை. மனிதர்களையும் அந்தப் பதிவேட்டில்தான் எழுதினார்கள். 1764ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின்படி, ஜோஷுவா என்ற கலப்பினக் குழந்தையை வில்லியம் வீலர் என்பவரிடமிருந்து ஜார்ஜ் ஜான்சன் 25 பவுண்டுக்கு வாங்குகிறார். 1782ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரத்தில் அதே ஜான்சன், 19 வயதைக் கடந்த ஜோஷுவாவைத் தன் மகன் என்று ஒப்புக்கொண்டு, வில்லியம் ஃபோர்பாக் என்ற கொல்லரிடம் தொழில் பயின்று முடித்ததும், அல்லது 21 வயது நிறைந்ததும், அவன் விடுதலை பெறுவான் என்று எழுதிக்கொடுக்கிறார். தகப்பன் தன் பிள்ளையை விலைகொடுத்து வாங்கி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து விடுதலைக்கு நாள் குறிக்கிறார். கொல்லர் தொழில் பயின்ற அடிமை என்ற அந்தச் செவிவழிக் கதையைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரங்களில் ஓவியம் என்ற சொல்லே கிடையாது. பட்டறையில் தொழில் பயின்ற ஜோஷுவாதான் ஓவியர் ஜோஷுவா என்பதற்குப் பெயரும் ஊரும் காலமும் பொருந்திவருகின்றன; ஆனால் கொல்லர் என்ற கண்ணியைத் தருவது குடும்பக் கதைதான். ஆகவே ஆவணம் வந்து கதையைக் காப்பாற்றியது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. கதை இல்லாவிட்டால் அந்த ஆவணம், ஓவியருக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒரு ஜோஷுவாவின் தாளாகவும் கிடந்திருக்கலாம்.

ஓவியரே எழுதியது என்று பார்த்தால், 1798 டிசம்பரில் பால்டிமோர் இதழொன்றில் கொடுத்த விளம்பரம் முக்கியமானது. இயற்கையிடமிருந்தும் உழைப்பிலிருந்தும் கலையறிவைப் பெற்ற, தானே கற்றுத் தேறிய மேதை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அவர், கல்வியில் கடக்க முடியாத பல தடைகளைக் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். கடந்து வந்தபின் அவற்றைக் கடக்க முடியாதவை என்று எழுதியிருக்கிறார்; 1782ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் படித்தபின் அந்தச் சொல்லைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, என் பிழை ஒன்று. பிளெசன்ட்ஸின் வழக்கத்தைப் பின்பற்றி நானும் 'ஜான்ஸ்டன்' என்று எழுதியிருந்தேன். தாங்களும் அதையே எடுத்தாண்டிருக்கிறீர்கள். அவருடையவை என்று கருதப்படும் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களுள் அவர் கையெழுத்திட்டதாகக் கிடைத்திருப்பது ஒன்றே ஒன்று: வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள சேரா ஆக்டன் கஸ்டினின் படம். அதில் அவர் 'ஜான்சன்' என்றே எழுதியிருக்கிறார். குறிப்பிலும் அவ்வாறே திருத்திவிட்டேன்.